கிழக்குக் குழியின் பச்சைத் தூசி

சீனத்து மஞ்சளாற்றுச் சமவெளியில் பியன் குடும்பத்தார் நிறைந்த ஊர் அது. கெங் யின்ஹுவா அந்த ஊருக்கு மருமகளாக வந்த வருஷத்திலேயே அவளுடைய குரலை எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். மேற்குத் தெருவில் அவள் சிரித்தால் கிழக்குத் தெருவில் நாய் குரைக்கும். கணவன் சாங்ஷுன் அதற்கு நேர்மாறு. கேட்ட கேள்விக்குப் பதில் வர ஒரு சிகரெட் எரிந்து முடிய வேண்டும். “ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வாய்தான் குடுத்திருக்கான், அத இவ எடுத்துக்கிட்டா” என்று ஊரில் கேலி செய்வார்கள்.

மக்காச்சோளம் அறுப்பதற்கும் கோதுமை விதைப்பதற்கும் இடையில் கிடைக்கிற நாள்கள் கொஞ்சம். தட்டையை வெட்டி ஒதுக்க யாருக்கும் நேரம் இருக்காது. வயலோடு வைத்துக் கொளுத்திவிடுவார்கள். மணி உதிர்த்த சக்கைகளோ வாசல்தோறும் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து புளித்துக் கிடக்கும். அதையும் மிச்சத்தோடு தீயில் தள்ளுவார்கள். எரிக்கக் கூடாது என்று வட்டார அலுவலகத்து வண்டி ஒலிபெருக்கியோடு வந்து போகும். வண்டி திரும்பியதும் தீக்குச்சி உரசுவார்கள். அந்த நாள்களில் காயப்போட்ட துணியை மறுபடி துவைக்க வேண்டும். யின்ஹுவாவின் மகள் வென்லிங் சிறுமியாக இருந்தபோது ஒவ்வொரு இலையுதிர் காலமும் நெஞ்சில் சளி கட்டி, மூச்சுக்கு மூச்சு விசிலடிப்பாள்.

பக்கத்து மாவட்டத்தில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டுக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போனபோதுதான் யின்ஹுவா அதைப் பார்த்தாள். அதே சக்கை, பொடித்து, சுண்ணாம்பு கலந்து, பிளாஸ்டிக் பையில் அடைத்து, ஒரு குடிலுக்குள் அடுக்கியிருந்தார்கள். பையின் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் கைவிசிறி போல விரிந்து நின்றன சிப்பிக் காளான்கள். கல்யாணச் சாப்பாட்டை மறந்து அந்தக் குடிலுக்குள்ளேயே அவள் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சாங்ஷுனிடம் சொன்னாள். அவன் ஒரு சிகரெட்டை முடித்துவிட்டு, “குப்பையில வெளயறத யாரு திம்பா?” என்றான்.

“நீதான் திம்ப. மொதல் கூடை உனக்குத்தான்.”

அப்படித்தான் ஆயிற்று. மண்ணைத் தோண்டிப் பாதி தரைக்குள் இறங்கிய குடில் ஒன்றைப் போட்டு, வைக்கோல் பாயால் மூடினார்கள். சக்கையை நனைத்துக் குவித்தால் இரண்டு மூன்று நாளில் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும். புரட்டிப் புரட்டி ஆற்றிப் பையில் அடைத்து, அடுக்கடுக்காகக் காளான் வித்துத் தூவி, இரு பக்கமும் கட்டி, விறகு அடுக்குவது போல அடுக்கினார்கள். சில வாரங்களில் பைக்குள் வெள்ளை இழை ஓடி, ஒவ்வொன்றும் பனியில் புரட்டி எடுத்த மாதிரி ஆனது. பனிக்காலம் தொடங்கியதும் காளான் வெடித்தது. மாவில் தோய்த்துப் பொரித்த முதல் தட்டைச் சாங்ஷுன் தனியாகவே காலி செய்தான்.

அடுத்த வருஷம் நாலு வீடு, அதற்கடுத்த வருஷம் பாதி ஊர். யாருடைய குடிலுக்குள்ளும் யின்ஹுவா கேட்காமலே நுழைவாள், பையை அழுத்திப் பார்ப்பாள், திட்டுவாள், திருத்துவாள். “காளான் மதினி” என்றே பெயர் ஆகிவிட்டது. சக்கை எரிவது நின்றது. தட்டையைக்கூட அரைத்துக் கலந்தார்கள். பக்கத்து ஊர்களில் புகை எழும்போது இந்த ஊர் மேல் மட்டும் வானம் தெளிவாக இருக்கும். காளான் எடுத்து ஓய்ந்த சக்கையை உதறி வயலில் போட்டால் மண் கருத்து இளகியது, மண்புழு நெளிந்தது, கோதுமை கரும்பச்சையாக எழுந்தது. அவள் வாழ்க்கையில் அந்த ஐந்தாறு வருஷங்கள்தான் நல்ல காலம். அப்போது அது அவளுக்குத் தெரியாது, இன்னும் நன்றாக வரும் என்றே நினைத்திருந்தாள்.

கெடுதல் பைகளில் இருந்து வந்தது. ஒரு குடில் இருக்கும்போது ஓய்ந்த பைகளைக் கிழித்து, பிளாஸ்டிக்கைத் தனியே எடுத்து, சக்கையை வயலுக்குக் கொண்டுபோவது பெரிய வேலை இல்லை. ஊர் முழுக்கக் குடிலானபோது அதற்கு ஆள் இல்லை. சிலர் பையோடு சேர்த்து உழுதுவிட்டார்கள். கலப்பைக் கொழுவில் பிளாஸ்டிக் சுற்றியது. வசந்தக் காற்றில் கோதுமைப் பயிரோடு வெள்ளைக் கந்தல்களும் ஆடின. மீதிப் பேர் ஊருக்குக் கிழக்கே பழைய செங்கல் சூளைக்காக மண் எடுத்த குழியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். யின்ஹுவாவும் கொட்டினாள். அவசரத்தில் ஒரு வண்டி, பிறகு பழக்கத்தில் பல வண்டி.

குழி நிறைந்தது. மழை பெய்தால் கறுப்புத் தண்ணீர் வழிந்து ஓடையில் இறங்கும். முதல் கோடையில் தவளைச் சத்தம் குறைந்தது, அடுத்த கோடையில் சத்தமே இல்லை. கிழக்குத் தெரு அடிபம்பில் தண்ணீர் மஞ்சளாக வந்தது, வெந்நீர் வைத்தாலும் நாற்றம் போகவில்லை. குழியோரம் மேய்ந்த செம்மறி ஒன்று வயிறு ஊதிச் செத்தது. அறுத்துப் பார்த்தபோது கைப்பிடி கைப்பிடியாகப் பிளாஸ்டிக் வந்தது.

“இத அள்ளணும்” என்றாள் யின்ஹுவா, எதிர்வீட்டு லாவ்வூவிடம். சாங்ஷுனுக்குச் சித்தப்பா மகன், ஐந்தாவது பிள்ளை என்பதால் அந்தப் பெயர். சிரிக்காமல் பேசத் தெரியாதவன்.

“மதினி, குழின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? நிரப்பத்தான? நெறஞ்சா வீடு கட்டிக்கலாம், எனக்கு அங்க ஒரு மனை ஒதுக்கச் சொல்லு.”

அந்த இலையுதிர் காலத்தில் லாவ்வூவின் குடிலில்தான் முதலில் பச்சை கண்டது. வெள்ளை ஓடிக்கொண்டிருந்த பையில் ஒரு மூலையில் சந்தனம் அப்பியது போல வெளிறிய வட்டம். இரண்டு நாளில் அது பச்சையானது. பிறகு பச்சைப் பொடியானது. விரல் பட்டால் புகை போலப் பறந்தது. அந்தப் பூஞ்சணம் ஏறிய பையில் காளான் இழை சுருண்டு செத்துவிடும். மருந்து வாங்கித் தெளித்தார்கள். அடங்கிய மாதிரி இருந்து இரண்டு மடங்காக வந்தது. வீரியம் கூட்டித் தெளித்தார்கள். கண் எரிந்தது, பச்சை போகவில்லை. பச்சை ஏறிக் கழித்த பைகளை என்ன செய்வது? கிழக்குக் குழியில்தான் கொட்டினார்கள்.

யின்ஹுவாவுக்கு விஷயம் விளங்கியது. ஊர்ப் பை அத்தனையும் போய்ச் சேருகிற இடத்தில் அந்தப் பொடி பெருகுகிறது, கீழ்க்காற்று அடிக்கும்போது ஊருக்கே திரும்பி வருகிறது. ஊர் அலுவலக முற்றத்தில் கூட்டம் போட வைத்தாள். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு எல்லாரும் வந்து நின்றார்கள்.

“வீட்டுக்கு ஒரு ஆள் வாங்க. குழிய காலி பண்ணித் தூரத்துல புதைப்போம். இல்லன்னா அடுத்த வருஷம் ஒரு பையும் மிஞ்சாது.”

“உன் பையும் அதுல கெடக்குல்ல?” என்றான் ஒருவன்.

“கெடக்கு. அதான் மொத மம்பட்டி நான் போடறேன்னு சொல்றேன்.”

முணுமுணுத்துக்கொண்டேயாவது வந்தார்கள். இலையுதிர் காலத்து வறண்ட நாள்கள். மண்வெட்டி, முள்வாரி, லாவ்வூவின் டிராக்டர். மேலே இருந்த ஈரப் பைகளை அள்ளும்வரை ஒன்றுமில்லை. அடியில் பல வருஷம் மட்கிப் பொடியாகிக் கிடந்த அடுக்கைக் கிளறியபோது தூசி எழுந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த தூசி. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு எல்லாரும் இருமினார்கள். காற்று கிழக்கிலிருந்து ஊருக்குள் அடித்தது. குடில்களில் அப்போதுதான் புதுப் பை அடைத்து, காற்றோட்டத்துக்காகப் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நிறுத்துங்கள் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. யின்ஹுவாவுக்கும் தோன்றவில்லை. அவள்தான் உச்சியில் நின்று, “இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

பாதிக் குழி காலியானதும் கோதுமை விதைப்பு வந்துவிட்டது. எல்லாரும் வயலுக்குப் போனார்கள். அள்ளிய குப்பை புதைபடாமல் சாலையோரம் கிடந்தது.

அந்தப் பனிக்காலத்தில் ஊரில் ஒரு குடிலும் தப்பவில்லை. அடுக்கடுக்காகப் பச்சை. கதவைத் திறந்தால் ஈரப் பழந்துணி நாற்றம் முகத்தில் அறையும். யின்ஹுவா தன் குடிலில் நின்று ஒவ்வொரு பையாகத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை மிஞ்சிய பை ஒன்றாவது இருக்கும் என்று கடைசி வரிசை வரை பார்த்தாள்.

தெருவில் லாவ்வூ வழியை மறித்து நின்றான். அன்று அவன் சிரிக்கவில்லை.

“நீ கெளறாம இருந்திருந்தா அது பாட்டுக்குக் கெடந்திருக்கும் மதினி.”

“கெடந்தாலும் வந்திருக்கும், தம்பி. கொஞ்சம் லேட்டா...”

“லேட்டா வந்திருக்கும்ல? அந்த லேட்டுல எம்பையன் கல்யாணம் முடிஞ்சிருக்கும்.”

ஊரார் அவளிடம் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். இளவட்டங்கள் பட்டறை வேலைக்கும் கட்டட வேலைக்கும் கிளம்பினார்கள். சாங்ஷுனும் துணிப்பையைத் தைத்து வாங்கிக்கொண்டு யான்தாய் நகரத்துப் பக்கம் கட்டட வேலைக்குப் போனான்.

“எப்ப வருவ?” என்றாள்.

“புத்தாண்டுக்கு” என்றான். பேருந்தில் ஏறிய பிறகு ஜன்னல் வழியே, “நீ நல்லதுக்குத்தான் செஞ்ச” என்றான். அவன் எத்தனையோ வருஷத்தில் அவளிடம் சொன்ன ஆக நீளமான ஆறுதல் அது. அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மறு வருஷம் இலையுதிர் காலத்தில் வென்லிங்கிடமிருந்து போன் வந்தது. வடக்கே ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் அவளைக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை யாவ்சோங், மாமியார், அவள். வயிற்றில் நாலு மாதம். அந்த ஊரில் காளான் கிடையாது, சக்கையை இன்னும் எரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அவரு குடில் போடலாங்கறாரு. நீ வந்து நின்னு சொல்லிக் குடும்மா.”

“வேணாம்டி. வேற யாரையாவது கேளு.”

“ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்த. பெத்த பொண்ணுக்கு மட்டும் மாட்டியா?”

“எங்கிட்ட என்ன ஒட்டிக்கிட்டிருக்குன்னு தெரியாதுடி.”

“உங்கிட்ட என்ன ஒட்டிக்கிட்டிருக்கு? நீ என்ன கொள்ளை நோயா? புகையில எனக்கு மூச்சு முட்டுதும்மா. மறுபடி சின்ன வயசு மாதிரி விசிலடிக்குது.”

அந்தச் சொல்லுக்குத்தான் யின்ஹுவா இளகினாள். ஆனாலும் தன் குடிலில் இருந்து ஒரு கயிறு, ஒரு குச்சிகூட எடுக்கவில்லை. சந்தையில் புதுச் சட்டை, புதுக் காலணி வாங்கினாள். முடியைக் காதளவுக்கு வெட்டிக்கொண்டாள், நகத்தைச் சதை தெரிய வெட்டினாள். நகரத்துப் பொதுக் குளியல் கூடத்துக்குப் போய் வெந்நீர்த் தொட்டியில் ஊறினாள். முதுகு தேய்க்கிறவள் துண்டைச் சுற்றிக்கொண்டு, “எங்க நல்லாத் தேய்க்கணும் அக்கா?” என்றாள்.

“எல்லா எடத்துலயும். தோல் உரிஞ்சாலும் பரவாயில்ல.”

“பொண்ணு பாக்க வராங்களா?”

யின்ஹுவா வெகு காலத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தாள். குளியல் கூடம் முழுக்க எதிரொலித்தது. பழைய துணிகளை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, சிவந்த தோலோடு மகள் ஊருக்குப் பேருந்து ஏறினாள்.

சம்பந்தியம்மா குறைவாகப் பேசுகிற, கறாரான பெண். ஆனால் யின்ஹுவா வேலை செய்கிற விதம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சக்கையை வெயிலில் காயவைத்தார்கள், சுண்ணாம்பைத் தாராளமாகக் கலந்தார்கள், குவியலை நன்றாகச் சூடேற விட்டார்கள். குடில் வாசலில் சுண்ணாம்புத் தூள் பரப்பி, அதில் காலை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும் என்று யின்ஹுவா சட்டம் போட்டாள். ஓய்ந்த பையை என்ன செய்வது என்றும் முன்கூட்டியே சொன்னாள்: “கிழிச்சு, பிளாஸ்டிக்க வேற, சக்கைய வேற. ஒரு பை வெளிய கெடக்கக் கூடாது. கெடந்தா நான் வீட்டுக்குள்ள வந்து திட்டுவேன், சொல்லிட்டேன் மாப்ள.”

“சரிங்க அத்தை” என்பான் யாவ்சோங், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல.

வெள்ளை ஓடியது. சீராக, அடர்த்தியாக, ஒரு மூலை விடாமல். வென்லிங் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள். சம்பந்தியம்மா தினமும் சிறுதானியக் கஞ்சியோடு ஒரு முட்டையை யின்ஹுவாவின் கிண்ணத்தில் போட ஆரம்பித்தாள். யின்ஹுவாவின் குரல் மறுபடி பெரிதாயிற்று.

ஒரு காலையில் அவள் தனியாக உள்ளே போனாள். மூன்றாவது அடுக்கில், கண் உயரத்தில் இருந்த பையில் கட்டைவிரல் அகலத்துக்கு வெளிறிய வட்டம். பனித் தண்ணீர் பட்ட கறையாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தாள். பிறகு அந்தப் பையைத் தன் சட்டைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு, தூரத்து வயலோரம் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தாள். புதைத்த கையோடு குடிலுக்குப் போகப் பயந்து, ஓடைத் தண்ணீரில் முழங்கை வரை கழுவினாள். தண்ணீர் உறைகிற குளிர், விரல்கள் மரத்துப்போயின.

மறுநாள் நாலு பை. அதற்கு மறுநாள் எண்ணவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற எண்ணம். நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கையும் ஓரத்தில் இருந்தது. வயலோரத்தில் அவள் மண்வெட்டியோடு குனிந்திருந்தபோது பின்னால் நிழல் விழுந்தது. சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தாள்.

“எத்தன நாளா?” என்றாள்.

யின்ஹுவா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குழியிலிருந்து விலகி நின்றாள்.

யாவ்சோங் வேளாண் நிலையத்திலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தான். அவர் நல்ல மனுஷர். பையைப் பிளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது எங்கயும் இருக்கறதுதாம்மா. மண்ணுல இருக்கும், காத்துல இருக்கும். வாங்கின வித்துல இருந்திருக்கலாம். சக்கை எங்கயாச்சும் நனைஞ்சிருக்கலாம். யாரு கொண்டு வந்ததுன்னு சொல்ல முடியாது.”

“எங்கயும் இருக்கறது எங்க ஊர்ல இத்தன காலமா இல்லையே” என்றாள் சம்பந்தியம்மா. “இவங்க வந்தாங்க, அதுவும் வந்துச்சு.”

யாவ்சோங் தலையைக் குனிந்துகொண்டான். வென்லிங் மட்டும் முன்னால் வந்தாள். அம்மாவுக்காகப் பேசுவாள் என்று யின்ஹுவா நினைத்தாள்.

“பாத்த அன்னிக்கே ஏம்மா சொல்லல? அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த அடுக்க மட்டும் தூக்கியிருக்கலாம்ல? நீதான எல்லாருக்கும் சொல்லுவ, ஒளிக்காதீங்க, உடனே சொல்லுங்கன்னு.”

அது நியாயம்தான். யின்ஹுவா அன்று மதியமே கிளம்பினாள். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் கூடை நிறைய முட்டைகோசோடு ஒரு கிழவர் உட்கார வந்தபோது, அவள் எழுந்து கடைசி இருக்கைக்குப் போய்விட்டாள்.

பிள்ளை பிறந்த செய்தி போனில் வந்தது. பெண். வழக்கப்படி பெண்ணைப் பெற்றவள் முட்டையும் சிவப்புச் சர்க்கரையும் கொண்டுபோக வேண்டும், யின்ஹுவா கொண்டுபோனாள். சம்பந்தியம்மா வாசல் கேட்டருகிலேயே வாங்கிக்கொண்டு, மரியாதையாக, “பச்சப் புள்ள, பாத்துக்கணும்ல?” என்றாள். யின்ஹுவா தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். சண்டை போடும் பழைய யின்ஹுவாவாக இருந்தால் வாசல் கதவே பெயர்ந்திருக்கும். அவளோ அந்தப் பெண் சொல்வது சரி என்று நம்பத் தொடங்கியிருந்தாள். ஊரிலும் அவள் இப்போது யார் வீட்டு வாசலும் ஏறுவதில்லை. கடையில் மாவு வாங்கினால் எட்ட நின்று பையை நீட்டுவாள். துவைத்த துணியைத் திரும்பத் திரும்பத் துவைத்து, கை வெடித்துக் கிடந்தது. சாலையோரம் மிஞ்சிய குப்பையை ஒற்றை ஆளாகச் சிறிது காலம் வண்டியில் அள்ளிப் பார்த்தாள். ஒரு மழைக்காலத்தில் எல்லாம் ஓடைக்குள் சரிந்துவிட்டது. அதன் பிறகு விட்டுவிட்டாள்.

புத்தாண்டின் இரண்டாம் நாள், கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீடு வருகிற நாள். சாங்ஷுன் யான்தாயிலிருந்து வந்து அடியில் கணப்பு மூட்டிய செங்கல் கட்டிலில் படுத்திருந்தான். யின்ஹுவா இறைச்சியும் முட்டைகோசும் பொதிந்த கொழுக்கட்டைகளைத் தட்டு நிறையப் பிடித்து வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

வென்லிங் வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றாள். முதுகில் பையும் கையில் பிள்ளையும். பிள்ளை சிவப்புப் பஞ்சுச் சட்டையில் உருண்டையாக இருந்தது.

“அம்மா, நான் உள்ள வரல. கோவிச்சுக்காத. இந்த வருஷம் வேற எடத்துல குடில் போட்டிருக்கோம். நல்லா வெள்ள ஓடியிருக்கு. அத்த கிட்ட, வாசலோட திரும்பிடறேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“நல்லா ஓடியிருக்கா? மூலையெல்லாம் பாத்தியா?”

“பாத்தேம்மா. நீ சொன்ன மாதிரிதான் எல்லாம்.”

யின்ஹுவாவின் முகம் ஒரு கணம் பழையபடி மலர்ந்தது. பிள்ளை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. திடீரென்று அவள் பிள்ளையை நீட்டினாள்.

“தூக்கிக்கம்மா. ஒரு தடவ. வீட்டுக்குப் போனதும் குளிப்பாட்டிக்கறேன், சட்டைய மாத்திக்கறேன். யாருக்கும் தெரியாது. தூக்கிக்கோ.”

யின்ஹுவாவின் கைகள் மேலே வந்தன. வெடித்த விரல்களை அவளே பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

“வேணாம்டி. காத்து அடிக்குது, புள்ளைக்குச் சளி பிடிக்கும். நீ கெளம்பு, பஸ் போயிடும்.”

“அம்மா...”

“போங்கறேன்ல!”

குரல் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டில் லாவ்வூ கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பிள்ளை பயந்து அழுதது. வென்லிங் அதை முகத்தோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அழுகைச் சத்தம் தெருமுனை வரை கேட்டுப் பிறகு கேட்கவில்லை.

அவள் உள்ளே வந்தபோது சாங்ஷுன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“புள்ள எங்க? உள்ள வரலயா?”

“நான்தான் வேணாம்னேன்” என்றாள் யின்ஹுவா. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கொழுக்கட்டைத் தட்டை எடுத்தாள், பாதியைப் போட்டாள், பாதியை மூடி வைத்தாள்.